டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேன்: தகவல் திருடும் ட்ரோஜனுக்கு எதிராக எவ்வளவு தூரம் உதவும்?

விண்டோஸோடு சேர்ந்தே வருகிற அன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கத்தில் கணனி வைத்திருக்கிற அநேகம் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். வைரஸ் என்றவுடன் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, அங்கே போர்மட் அடித்து கிரக் பண்ணிய விண்டோஸையே திரும்பப் போட்டு அனுப்புவது, மட்டக்களப்பிலும் சரி கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, நான் பார்த்த வழக்கம் இதுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மென்பொருள் போல நடித்து உள்ளே வந்து தகவல் திருடும் ட்ரோஜனைக் கணனியிலிருந்து துரத்த இந்த ஸ்கேன் நல்ல கருவி, சதக்காசு செலவில்லை. ஆனால் திருட்டுப் போனதை அது மீட்டுத் தராது, அந்த வேலை நம் தலையில்தான் விழும்.

நான் இதை ஓட்டிப் பார்த்தது களுவாஞ்சிகுடியில் மச்சான் நடத்துகிற ஸ்டூடியோவின் கணனியில். கலியாண அல்பம், சாமத்திய வீட்டு பனர், அடையாள அட்டைப் படம் எல்லாம் அதில்தான். ஒரு நாள் விடியப் பார்த்தால் ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் ஏதோ கிரிப்டோ விளம்பரம் ஓடுகிறது, அவரால் உள்ளேயே போக முடியவில்லை. இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு வைத்திருந்தார், போனுக்கு ஒரு குறியீடும் வரவில்லை.

வராது. இந்த வகை ட்ரோஜன் கடவுச்சொல்லை மட்டும் எடுப்பதில்லை, பிரவுசரில் இருக்கிற குக்கிகளையும் சேர்த்து அள்ளுகிறது. நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்கான அடையாளம் அந்தக் குக்கியில்தான் இருக்கிறது, அதைத் தன் கணனியில் போட்டுக்கொண்டவனிடம் முகநூல் கடவுச்சொல்லும் கேட்காது, குறியீடும் கேட்காது. டெலிகிராமின் டெஸ்க்டொப் செயலி, கிரிப்டோ வொலட், டெஸ்க்டொப்பில் கிடக்கிற ஆவணங்கள், அந்த நேரத்துத் திரையின் படம் எல்லாம் ஒரே மூட்டையாகப் போகும். பல வகைகளுக்கு இந்த வேலை சில நிமிடம்தான், சிலது முடித்ததும் தன்னைத் தானே அழித்துவிடும். கணனி மெதுவாகாது, ஒன்றும் எழுதிக் காட்டாது.

உள்ளே வந்த வழி டவுன்லோட் போல்டரிலேயே கிடந்தது. வேலைக்கு நிற்கிற பொடியன் போட்டோஷொப்புக்குக் கூடுதல் வசதி தருகிற இலவச பிளகின் ஒன்று தேடி, யூடியூப் வீடியோ ஒன்றின் கீழே இருந்த லிங்கில் இறக்கியிருக்கிறான். சிப் கோப்பு, கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, அந்தக் கடவுச்சொல்லையும் வீடியோவின் கீழேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டுவதற்குக் காரணம் உண்டு: பூட்டிய சிப்புக்குள் இருப்பதை அன்டிவைரஸ் திறந்து பார்க்க முடியாது. பிரித்த பிறகு உள்ளே இருந்த எக்ஸி கோப்பு (தட்டினால் ஓடுகிற புரோகிராம்) 700 எம்பிக்கு மேல். ஒரு சின்ன பிளகின் அவ்வளவு பெரிதாக வராது, வெறும் பூச்சியங்களை நிரப்பி ஊதிப்பெருக்க வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பைப் பல அன்டிவைரஸ்களைக் கொண்டு சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கக்கூடிய உச்ச அளவு 650 எம்பி, அதைத் தாண்டினால் அங்கே சோதிக்க முடியாது என்பதற்காகத்தான். வீடியோவின் கீழே இன்னொரு வரியும் இருந்தது, நிறுவ முன்னர் அன்டிவைரஸை நிறுத்துங்கள் என்று. இந்த ஒரு வரியைக் கண்டாலே பக்கத்தை மூடிவிட வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. இப்போது அதிகம் பரவுவது போலி 'நான் ரோபோ அல்ல' பக்கம். விண்டோஸ் கீயோடு ஆர் அமர்த்து, கொன்ட்ரோல் வி அமர்த்து, என்டர் தட்டு என்று அது சொல்லும், நாம் தட்டினால் அது மறைவாகக் கொப்பி பண்ணி வைத்த கட்டளையை நாமே ஓட்டிவிடுகிறோம். உண்மையான சோதனை எதுவும் இப்படிக் கேட்காது. அப்புறம் மின்னஞ்சலில் வருகிற பில். விண்டோஸ் கோப்பின் கடைசி எழுத்துகளை வழமையாக மறைத்து வைப்பதால் பிடிஎப் போல இருப்பது உண்மையில் எக்ஸியாக இருக்கும்.

இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம், மாத வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். 2020இல் வந்த ரெட்லைன் என்ற ட்ரோஜன் அப்படித்தான் விற்கப்பட்டது, 2024 ஒக்டோபரில் நெதர்லாந்துப் பொலிசும் எப்பிஐயும் மற்ற நாட்டவர்களும் சேர்ந்து அதன் சேர்வர்களைப் பிடித்தார்கள். அடுத்தது லும்மா. 2025 மே மாதம் மைக்ரோசொஃப்ட் அதன் சுமார் 2,300 இணைய முகவரிகளை முடக்கியபோது, மார்ச் 16 முதல் மே 16 வரையான காலத்தில் மட்டும் 394,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணனிகளில் அது இருந்ததாகச் சொன்னது. சில வாரங்களிலேயே லும்மா மறுபடி தலைகாட்டியது.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். முதலில் வைஃபையை நிறுத்தினோம். பிறகு விண்டோஸ் செக்கியூரிட்டியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்தேன், டிஃபெண்டர் பார்க்காமல் விடவேண்டிய இடங்கள் அதில் இருக்கும். சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. நிறுவும்போது வந்த பெட்டியில் பொடியன் யெஸ் கொடுத்ததும் ட்ரோஜன் செய்த முதல் வேலை இதுதான் போல. டிஃபெண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பச்சை நிறச் சரி அடையாளமும் காட்டுகிறது, ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை! இந்தக் கருவியில் எனக்கு இருக்கிற பெரிய குறை இது. முழு டிரைவையே ஒருவர் விலக்கி வைத்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பில் கத்தவேண்டாமா? நான்கைந்து மெனுவுக்குள் போய்த் தேடினால்தான் தெரிகிறது.

அதை அழித்துவிட்டு, ஸ்கேன் ஒப்ஷன்ஸில் ஒஃப்லைன் ஸ்கேனைத் தெரிவு செய்தோம். கணனி அணைந்து எழும்பி, விண்டோஸுக்குள் போகாமல் வெளியில் நின்றே சோதிக்கிறது, அதனால் ட்ரோஜன் எழும்பி ஒளிய வழியில்லை. ஏறத்தாழ 15 நிமிடம் என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது, அப்படித்தான் முடிந்தது. லப்டொப் என்றால் சார்ஜரைக் குத்தி வையுங்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் போட்டவர்கள் ரிகவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பேசாமல் விண்டோஸுக்குள் போய்விடும், என்ன பிடித்தது என்று திரையில் காட்டாது, ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரியில் போய்த்தான் பார்க்கவேண்டும். அங்கே பிடிபட்டது தெளிவாக இருந்தது. குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டுகிற டாஸ்க் ஷெடியூலரில் அர்த்தமில்லாத பெயரோடு ஒன்று மிச்சம் இருந்தது, அதைக் கையால் அழித்தேன்.

இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையும் ஓட்டினேன். கேட்டால் ஸ்கேன் பண்ணும், தொடர்ந்து காவல் நிற்காது. நிறுவியதும் 14 நாள் பிரீமியத்தை நீட்டும், அது தேவையில்லை. பிரவுசரில் இருந்த சந்தேகமான எக்ஸ்டென்ஷன் ஒன்றை டிஃபெண்டர் விட்டிருந்தது, இது பிடித்தது. ஆகவே இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவுக்கும் முன்னால் கல்முனையில் ஒரு கடையில் மச்சான் காட்டியிருக்கிறார், போர்மட்தான் என்றார்களாம், கடவுச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மச்சானுக்கும் படங்கள்தான் கவலை. "போர்மட் அடிச்சா மறுகா என்ட படமெல்லாம் எங்க மச்சான்?" என்றார். படக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கலாம், எக்ஸி ஒன்றையும் எடுக்கக்கூடாது. ஸ்கேனுக்குப் பிறகும் அதே ட்ரோஜனின் பெயர் திரும்ப வந்தால் போர்மட் சரியான முடிவுதான், அப்போதும் மைக்ரோசொஃப்டின் தளத்தில் இறக்கிய விண்டோஸைப் போடுங்கள். அவருக்குத் திரும்ப வரவில்லை.

கடவுச்சொற்களை அந்தக் கணனியில் மாற்றவே கூடாது, சுத்தமான போன் ஒன்றிலிருந்து மாற்றவேண்டும். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான் மீட்கப்படும். பிறகு வங்கி, பிறகு முகநூல். மாற்றினால் மட்டும் போதாது, கூகுள் கணக்கில் சாதனங்களின் பட்டியலுக்குப் போய்த் தெரியாததையெல்லாம் வெளியேற்றவேண்டும், வட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களையும் பார்க்கவேண்டும், அப்போதுதான் திருடிய குக்கி செத்துப்போகும். முகநூலில் கணக்குப் பறிபோனவர்களுக்கென்றே ஒரு மீட்புப் பக்கம் இருக்கிறது, அதன் வழியாகப் பக்கம் திரும்பக் கிடைத்தது.

அந்தக் கணனியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் அறிகுறிப் பட்டியல் மட்டும் 2028 ஒக்டோபர் வரைக்கும் வரும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது, விண்டோஸில் இருக்கிற ஓட்டைகளை அது அடைக்காது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் போர்டில் இருப்பதால் அதை ஏற்றலாம், கலியாண சீசன் முடிந்ததும் ஏற்றப் போகிறோம்.