மூன்றாவது கட்சியா, பெரிய கட்சியின் பிரைமரியா?

அமெரிக்கக் கீழவைக்குப் போட்டியிட நினைக்கும், இரண்டு பெரிய கட்சிகளோடும் ஒத்துப்போகாத ஒருவருக்கு முன்னால் இரண்டு வழிகள்: சுயேச்சையாகவோ சிறிய மூன்றாவது கட்சி சார்பிலோ தனியாக நிற்பது, அல்லது பெரிய கட்சியின் பிரைமரியில், அதாவது அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், மோதுவது.

வாக்குச்சீட்டில் இடம்
தனியாக: ஜார்ஜியாவில் தொகுதி வாக்காளர்களில் 5 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும். மலைக்க வைக்கும் வேலை.
பிரைமரி: பெரும்பாலும் கட்டணமோ, குறைந்த கையெழுத்தோ போதும்.

விவாத மேடை
தனியாக: இங்கேதான் பெரிய அடி. 1992இல் ஆர்கன்சாவில் சுயேச்சையாக நின்ற ரால்ஃப் ஃபோர்ப்ஸை அரசுத் தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998இல் 6-3 என்ற கணக்கில் தொலைக்காட்சிக்கே சாதகமான தீர்ப்பு. ஆதரவு குறைவு என்று ஒருவரை ஒதுக்கலாமாம். மேடை கிடைக்காமல் ஆதரவு எப்படி வளரும்? எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.
பிரைமரி: வென்றால் பொதுத்தேர்தல் விவாதத்தில் நாற்காலி ஏறக்குறைய உறுதி.

தோற்றால்
தனியாக: மறுபடி நிற்கலாம். வெர்மான்ட்டில் பெர்னி சாண்டர்ஸ் 1988இல் பீட்டர் ஸ்மித்திடம் தோற்றார், 1990இல் அதே ஸ்மித்தை வென்றார்.
பிரைமரி: பல மாநிலங்களில் தோற்றவர் அதே தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடியாது.

சாண்டர்ஸ் அதற்கு முன்பே வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகர மேயராக இருந்தவர். அப்படி உள்ளூரில் வேர் பிடித்தவர் தனியாக நிற்கலாம். 1988இல் லிபர்டேரியன் என்ற சிறிய கட்சி சார்பில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ரான் பால், 1996இல் குடியரசுக் கட்சி வழியாகத்தான் கீழவைக்குத் திரும்பினார். சீக்கிரம் பதவியில் அமர்ந்து வாக்களிக்க வேண்டும் என்பவருக்கு அந்த வழிதான் சரி.