காரைக் கொடுத்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்: புது காரை விற்கப் போகிறவர்களுக்கு

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓட்டிய காரை விற்க நினைக்கிறவர்கள், அதுவும் பேங்க் கடன் அப்படியே மலை மாதிரி நிற்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். "பேங்க்கை நான் செட்டல் பண்ணிக்கிறேன் தம்பி, நீ சாவியக் குடு" என்று யார் சொன்னாலும், அவர் நம் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் செலவு ஏற்றவராகவே இருந்தாலும், பணம் பேங்கில் ஏறும் முன் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆள் பெயரும் கடைப் பெயரும் இங்கே இல்லை. போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது, அது அதன் வழியில் போகட்டும். காரின் மாடலும் முக்கியமில்லை, காரில் ஒரு குறையும் கிடையாது.

நான் மலேசியாவில், ஈப்போவை அடுத்த சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லோரிகளை எடை போடும் (திம்பாங்) இடத்தில் வேலை பார்த்தேன். ஓவர்டைம் குறைந்தது. தம்பி ஜொகூர் பாருவில் இருக்கிறான், அவனோடு தங்கிக்கொண்டு மோட்டாரிலேயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரலாம் என்று ஏற்பாடானது. அப்புறம் எதற்கு மாதம் 941 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஒரு காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைப்பது? விற்றுவிடலாம் என்று பேங்கில் கணக்குக் கேட்டபோதுதான் தலை சுற்றியது.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் நுழைவதே இந்த இடத்தில்தான். கார் 89,000 வெள்ளி. கையிலிருந்து 9,000 போட்டேன், மீதி 80,000 கடன், 9 வருஷம், வட்டி 3 விழுக்காடு. இந்த 3 விழுக்காடு குறைந்துகொண்டே வரும் கடனுக்கு அல்ல, முதல் நாள் வாங்கிய முழு 80,000-க்கும் ஒன்பது வருஷமும் ஒரே மாதிரி போடுவது. அப்படியானால் வட்டி மட்டும் 21,600. ஆக மொத்தம் 101,600, அதை 108 மாதத்தால் வகுத்தால் 941 வெள்ளிக்குச் சில காசு குறைவு. 14 தவணை கட்டியிருந்தேன், கையிலிருந்து 13,000-க்கு மேல் போய்விட்டது. ஆனால் இன்றைக்கே முழுக் கடனையும் அடைத்தால் எவ்வளவு என்று கேட்டதற்கு பேங்கில் 72,000 சொச்சம் என்றார்கள். அதாவது என் கடன் 8,000 வெள்ளிகூடக் குறையவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். இதை ரூல் 78 என்கிறார்களாம். 12 மாதக் கடன் என்று வைத்துக்கொண்டால் 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78 வரும். முதல் மாதம் மொத்த வட்டியில் 78-ல் 12 பங்கு, கடைசி மாதம் வெறும் 1 பங்கு. என் 108 மாதத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை 5,886, அதில் 1,421 பங்கு முதல் 14 மாதத்திலேயே போய்விட்டது. கடன் காலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஓடியிருக்கிறது, வட்டியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். இப்படி வட்டி போடும் ஒன்பது வருஷக் கடனில் முதல் இரண்டு வருஷத்துக்குள் விற்கிறவன்தான் நன்றாக மாட்டுகிறான்.

இன்னொரு பக்கம் காரின் விலை. ஈப்போவில் பழைய கார் கடைகளில் விசாரித்தேன். ஒருத்தர் 66,000, ஒருத்தர் 67,000. 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, உள்ளே பிளாஸ்டிக் வாசம்கூடப் போகவில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், யாரும் அசையவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. நான் கொடுத்த 89,000-ல் முதல் வருஷ இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், பதிவுச் செலவு எல்லாம் அடக்கம், அதையெல்லாம் அடுத்தவன் எனக்குத் திருப்பித் தரமாட்டான். வருஷக் கடைசியில் கம்பெனியே புது காருக்கு ரிபேட் கொடுத்துத் தள்ளும்போது, பழையது அதைவிட நிறைய இறங்கினால்தான் ஆள் வருவான். புது காருக்குக் கிடைக்கும் வட்டியில் பழைய காருக்குக் கடன் கிடைக்காது. அப்புறம், காரின் வயதை மாதத்தில் யாரும் எண்ணுவதில்லை, கெரானில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) எந்த வருஷம் பதிவாகியிருக்கிறதோ அதுதான் பேச்சு, ஜனவரி பிறந்தால் ஒரே ராத்திரியில் ஒரு வயது கூடிவிடும். என் மச்சான் மைவி என்ற சின்னக் கார் வைத்திருக்கிறான். அவனுக்கு இந்தக் கவலையே கிடையாது, வாங்கிய மறுநாளே விற்கப் போனாலும் நாலு பேர் வாசலில் நிற்பார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டான். பேசட்டும்.

ஆக, நேர்மையாக விற்றால் நானே 5,000, 6,000 வெள்ளி கையிலிருந்து போட்டால்தான் பேங்க் என்னை விடும். காரையும் கொடுத்து மேலே பணமும் கொடுப்பதா என்று வீட்டில் அம்மா கேட்டார். அப்போதுதான் கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு மாமா, "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, நல்ல வெல போட்டுக் குடுப்பாரு" என்று நம்பர் கொடுத்தார்.

நம்ம ஆள் 74,000 என்றார். வாட்சப்பில் படம் பார்த்த அஞ்சாவது நிமிஷத்தில். பேங்குக்கு 72,000 போக உனக்கு 2,000 நிற்கும் தம்பி என்று அவரே கணக்கும் போட்டார். ஈப்போக்காரர்கள் ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்டார்கள் என்றதற்கு, "அவனுங்க கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் ஒன் தலையிலதான் கட்டுவானுங்க" என்றார். மறுநாள் வீட்டுக்கே வந்து, அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, 500 வெள்ளி டெப்பாசிட் கொடுத்து, ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்து இலாகாவின்) பெயர் மாற்றும் கே3 பாரத்தில் விலை, தேதி, வாங்குபவர் பெயர் எல்லாம் காலியாக இருக்க என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டு சாவியோடு காரை ஓட்டிப் போனார். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குக் கார் கையில் இருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் பேங்கை அடைத்துவிட்டுப் பெயர் மாற்றக் கைரேகை வைக்கக் கூப்பிடுகிறேன் என்றார்.

கூப்பிடவில்லை. பேங்க் கொடுக்கும் செட்டல்மெண்ட் தொகைக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், அது தாண்டினால் புதிதாகக் கேட்க வேண்டும். அந்தத் தேதி தாண்டியது. அடுத்த தவணை நாள் வந்தது, நான்தான் கட்டினேன், கட்டாவிட்டால் சிசிரிஸ் என்ற கடன் பதிவேட்டில் என் பெயர்தான் கெடும். அடுத்த மாதமும் அப்படியே. ஃபோன் செய்தால் "ஆள் ரெடி தம்பி, லோன் அப்ரூவல் மட்டும்தான் பாக்கி" என்பார். பழைய சாமான் விற்கும் முடா இணையத்தளத்தில் என் கார் 78,800-க்குப் போட்டிருந்ததைத் தம்பிதான் பார்த்துச் சொன்னான். விஷயம் அப்போதுதான் புரிந்தது. இவர் கார் வாங்குகிறவரே இல்லை. கையில் பணம் கிடையாது. என் காரைக் காட்டி ஆள் பிடித்து, அந்த ஆளின் கடன் பணம் வந்த பிறகு அதிலிருந்து என் பேங்கை அடைத்து, மிச்சத்தை எடுத்துக்கொள்வதுதான் திட்டம். ஆள் கிடைக்கும் வரை தவணை என் தலையில். 66,000 சொன்ன கடைக்காரர் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்குகிறவர், இவர் 74,000 என்ன, 84,000-கூடச் சொல்லியிருக்கலாம், சொல்வதற்குக் காசா பணமா.

இதற்கு நடுவில் ஒரு நாள் டோல் கட்டும் என் டச் என் கோ கணக்கில் ஜாலான் டூத்தா டோல் கழிந்திருந்தது. டோல் கழிக்கும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் காரின் கண்ணாடியில்தானே ஒட்டியிருக்கிறது. பரிசோதனைக்குப் போன கார் கோலாலம்பூரில் என்ன செய்கிறது? போலீஸ் சம்மன் பார்க்கும் மைபாயார் பிடிஆர்எம்-இல் போய்ப் பார்த்தால் என் பெயரில் ஒரு வேகச் சம்மன், 300 வெள்ளி. நல்லவேளை, எங்கும் கொண்டுபோய் இடிக்கவில்லை. காரும் இன்சூரன்ஸும் என் பெயரில் இருக்கும்போது யார் ஓட்டி யாரை இடித்தாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்.

கேட்டபோது கோபம் அவருக்குத்தான் வந்தது. "ஒன் காருக்குத்தான் ஓடியாடி அலையறேன்" என்றார். பிறகு விலை இறங்க ஆரம்பித்தது. முன் பம்பரில் பெயிண்ட் அடித்த தடம் இருக்கிறதாம். ஜனவரி தாண்டிவிட்டதாம். (தாண்டும் வரை காரை வைத்திருந்தது யார்?) 67,000-தான் வரும், மீதியை நீ போடு, இல்லையென்றால் விளம்பரச் செலவு, நிறுத்தி வைத்த செலவு என்று 1,800 கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போ என்றார். பழைய கார் வியாபாரத்தில் இது பழைய வித்தை. முதலில் பெரிய விலை சொல்லி மற்றவர்களை விரட்டிவிடுவது, கார் கைக்கு வந்ததும் மெல்ல மெல்லக் குறைப்பது. கடன் பாக்கி நிற்கிறவனுக்கு மாதா மாதம் தவணை நெருக்கும், எப்படியும் இறங்கி வருவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் ஒத்துக்கொள்ளாததால் மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டார். சம்போங் பாயார். அவருக்குத் தெரிந்த ஒரு பையன் காரை எடுத்துக்கொண்டு மாதம் 941 கட்டிக்கொண்டே வருவானாம், எனக்குக் கையில் 3,000 கிடைக்குமாம், பெயர் மாற்ற வேண்டாமாம். இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தேன். புது கார் வாங்கி விலை விழுந்து, அடைக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் இருக்கிறவர்களிடம்தான் இந்தப் பேச்சு வரும், கேட்கும்போது விடுதலை கிடைத்த மாதிரி இருக்கும். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-ன்படி கடன் முடியும் வரை காரின் சொந்தக்காரர் பேங்க்தான். பேங்க் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருத்தருக்குக் கைமாற்ற நமக்கு உரிமை கிடையாது, ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால் அது குற்றமே. அந்தப் பையன் தொடர்ந்து இரண்டு தவணை கட்டாவிட்டால் போதும், பேங்க் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுக்கலாம். அந்த நோட்டீஸும் நம் வீட்டுக்குத்தான் வரும். காரைக் கண்டுபிடித்து இழுத்து ஏலம் விட்டாலும், ஏலப் பணம் போக மீதிக் கடன் நம் பெயரில்தான் நிற்கும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு லோரி ஓட்டுநர் இப்படிக் கொடுத்துவிட்டு இன்று வரை கார் எங்கே என்றே தெரியாமல் இருக்கிறார், வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்களாம்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் செய்தேன். காலிப் பாரத்தில் கையெழுத்து வாங்கியது, சாவி வாங்கிய தேதி, வாட்சப் பேச்சு, டோல் கழிந்த விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அந்த 1,800 பேச்சு அதோடு நின்றது, கமிட்டி மாமா முன்னிலையில் கார் திரும்பி வந்தது. கே3 பாரத்தைக் கேட்டு வாங்கி நானே கிழித்தேன். 500 டெப்பாசிட்டைத் திருப்பிக் கேட்டார். சம்மனை நீங்கள் கட்டுங்கள், டோலைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றேன். சம்மனை அவர் கட்டவில்லை, நான்தான் கட்டினேன். மாமா இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் பார்க்கிறார்.

கடைசியில் ஈப்போவில் முதலில் 66,000 சொன்ன அதே கடைக்குப் போனேன், இப்போது 65,500 என்றார். வாக்குவாதம் செய்யவில்லை. அதற்குள் மேலும் தவணைகள் கட்டியிருந்ததால் பாக்கி 69,600 சொச்சத்துக்கு வந்திருந்தது, 4,100 வெள்ளி நான் போட்டேன். விலை குறைவு, ஆனால் வேலை நடந்த விதம் வேறு. புஸ்பாகோமுக்கு நானே கூடப் போனேன். அவர் தன் பங்கை என் கடன் கணக்கிலேயே நேராகக் கட்டி ரசீதை என் கையில் கொடுத்தார், நான் என் பங்கைக் கட்டினேன். பேங்க் தன் உரிமைக் கோரிக்கையை ஜேபிஜேயில் ரத்து செய்தது உறுதியான பிறகுதான் கைரேகை வைத்தேன். சாவி அதற்கும் பிறகு. கேட்டதற்கெல்லாம் அவர் முகம் சுளிக்கவில்லை, நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதல்ல. வியாபாரிக்கு விற்காமல் தெரிந்தவருக்கு நேராக விற்றால் இன்னும் ஓரிரண்டு ஆயிரம் கூடக் கிடைக்கலாம். அப்போதும் வாங்குகிறவரின் பேங்க் உங்கள் பேங்குக்கே பணத்தை அனுப்ப வேண்டும், நடுவில் யார் கைக்கும் போகக்கூடாது.

இன்னும் சில சின்ன விஷயம். ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரைச் சாவி கொடுக்கும் முன்பே உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் என்சிடி கழிவு (கிளேம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, காருடையது அல்ல, அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம், அதை வியாபாரியிடம் விட்டுவிடாதீர்கள். பெயர் மாறியதா என்று அவர் வாய்ச்சொல்லை நம்பாமல் ஜேபிஜேயின் மைஜேபிஜே செயலியில் நீங்களே பாருங்கள். என் பட்டியலிலிருந்து அந்த நம்பர் போன பிறகுதான் இன்சூரன்ஸை ரத்து செய்தேன், மீதி மாதங்களுக்கு உரிய பணம் கொஞ்சம் திரும்ப வந்தது.