பிரேவ்ஹார்ட், அவுட்லா கிங்: டிரஸ்ஸ மட்டும் வெச்சு ஒரு ரிவ்யூ

போன சனி ஞாயிறு ரெண்டு படத்தையும் அடுத்தடுத்து போட்டு பாத்தேன், மொத்தம் அஞ்சு மணி நேரம், வீட்ல ரிமோட்ட புடுங்காத குறைதான். கதை, நடிப்பு பத்தியெல்லாம் ஏகப்பட்ட பேர் எழுதியாச்சு, நான் துணிமணி, கவசம் மட்டும் பேசுறேன்.

மொதல்ல 1995ல வந்த பிரேவ்ஹார்ட். அஞ்சு ஆஸ்கர், காஸ்ட்யூமுக்கும் நாமினேஷன் வரைக்கும் போன படம். ஆனா படத்தோட ஹீரோ, இங்கிலாந்த எதிர்த்து நின்ன ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் வாலஸ், இடுப்புல சுத்தி பெல்ட் போட்டு தோள்ல தூக்கி போட்டுக்கிட்டு திரியுற அந்த கட்டம் போட்ட துணி இருக்கே, அது 1500கள் முடியுற நேரத்துலதான் ஸ்காட்லாந்துல தலையே காட்டுது, படத்துல வர்ற ஸ்டெர்லிங் சண்டை நடந்ததோ 1297. மூஞ்சியில நீலம் பூசுறது அப்படியே உல்டா, ரோமானியர் காலத்துல பிரிட்டன்காரங்க பூசிக்கிட்டாங்கன்னு சீசர் எழுதி வெச்ச சமாச்சாரம், அதுக்கும் வாலஸுக்கும் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல கேப். ஆக இடுப்புல முந்நூறு வருஷம் அட்வான்ஸ், மூஞ்சியில ஆயிரத்து சொச்சம் பாக்கி, நடுவுல வாலஸா நடிச்ச மெல் கிப்சன். ஸ்டெர்லிங் பாலத்து சண்டையில பாலத்தையே காணோம்ங்கறது தனிக்கதை.

சினிமாதானே, விடுப்பான்னு சொல்லலாம். எனக்கு கடுப்பு அதுல இல்ல. நெஜ வாலஸ் மலைக்காட்டு ஆள் கிடையாது, தெற்கு பக்கத்து சின்ன நிலக்கிழார் குடும்பம், பின்னாடி நைட் பட்டமும் வாங்குனவர். அந்த மாதிரி ஆளும் எதிர்ல நின்ன இங்கிலீஷ் நைட்டும் போட்டது ஏறக்குறைய ஒண்ணுதான், உள்ள அடைச்சு தைச்ச கனமான துணி கோட்டு, மேல இரும்பு வளையம் கோத்த செயின் சட்டை, தலைக்கு இரும்புத் தொப்பி. படத்துல பாத்தா ஒரு பக்கம் பளபளன்னு யூனிஃபார்ம், இன்னொரு பக்கம் சிக்குத்தலையும் தோலும். யாருக்கு கைதட்டணும்னு அஞ்சு செகண்டுல தெரிஞ்சிடுது, வாஸ்தவம்தான், ஆனா பக்கத்து பக்கத்து ராஜ்யங்களோட சண்டைய காட்டுவாசி கிளர்ச்சியா மாத்திட்டாங்க. ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் (அவுட்லா கிங் இவர் கதைதான்) 1318ல ஒரு சட்டமே போட்டாரு, பத்து பவுண்டு பெறுமான பொருள் வெச்சிருக்கவன் அந்த துணி கோட்டு, இரும்புத் தொப்பி, கையுறை, ஈட்டி, வாள் எல்லாம் வெச்சிருக்கணும், ஒரு மாடு அளவுக்கு சொத்து இருந்தா ஈட்டியோ, இல்ல வில்லும் 24 அம்புமோ இருந்தாகணும்னு. வெறும் நெஞ்ச காட்டிக்கிட்டு ஓடுறதா ஐடியாவே இல்ல அவங்களுக்கு.

2018 அவுட்லா கிங்ல மனசு நெறஞ்சது இந்த விஷயத்துலதான். அந்த துணி கோட்ட குளோசப்ல பாருங்க, மேலருந்து கீழ வரிவரியா தையல், மெத்தைக்கு அடிச்ச மாதிரி, வரிக்கு வரி புடைச்சிக்கிட்டு நிக்குது. நான் மூணு தடவ பாஸ் பண்ணி பாத்தேன். கடைசி லௌடன் ஹில் சண்டையில சேறு அப்பி எந்த பக்கத்து ஆளு எவன்னே தெரியல, அதுதான் சார் விஷயம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததாலதானே கேடயத்துலயும் மேலங்கியிலயும் சிங்கம், சிலுவைன்னு சின்னம் போட்டுக்கிட்டாங்க. பிரேவ்ஹார்ட் ஆளுங்களுக்கு சின்னமே தேவப்படாது, அந்த கட்டம் போட்ட துணி, கில்ட்டே போதும்.

குறை இல்லாம இல்ல. லௌடன் ஹில் 1307 மே, இங்கிலாந்து ராஜா கிழவர் எட்வர்டு செத்தது ஜூலை, படத்துல அவர முன்னாடியே அனுப்பி வெச்சிட்டாங்க, அந்த சண்டைக்கு வராத அவர் மகன் இளவரசனையும் கொண்டாந்து புரூஸோட மோத விட்டாச்சு. இங்கிலீஷ்காரங்க நெஜமா கூண்டுல அடைச்சது படத்துல காட்டுற மாதிரி புரூஸ் பொண்டாட்டிய இல்ல, தங்கச்சி மேரியையும் பக்கன் சீமாட்டி இசபெல்லாவையும். கதையும் நடுவுல கொஞ்சம் இழுவ.

டிரஸ்ஸுக்கு மட்டும் மார்க்னா அவுட்லா கிங்குக்கு 5க்கு 4, பிரேவ்ஹார்ட்டுக்கு 1, அந்த ஒண்ணும் இங்கிலீஷ்காரங்க போட்டிருக்க செயின் சட்டைக்கு. ஆனா ஜேம்ஸ் ஹார்னர் மியூசிக் ஆரம்பிச்சா கில்ட்டாவது ஒண்ணாவதுன்னு நானும் அழுதுட்டுதான் உக்காந்திருந்தேன்.