முழுக்கதையையும் முன்பே திட்டம் போடுவதா, போகிற போக்கில் எழுதுவதா?

முதல் நாவல் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். நான் இரண்டு வழியிலும் எழுதியிருக்கிறேன்.

நேரம்:
திட்டம் போட்டால், தொடக்கத்திலேயே மாதக்கணக்கில் போகும்.
போகிற போக்கில் என்றால், திருத்தத்தில் போகும். ஒருமுறை 90 பக்கங்களைத் தூக்கிப் போட்டேன், இன்னும் வலிக்கிறது.

தாக்குப்பிடிப்பது:
இதற்குத் தொலைக்காட்சிதான் நல்ல பாடம். ‘பாபிலோன் 5’ தொடரை ஐந்தாண்டுக் கதையாக முன்பே திட்டமிட்டார் அதை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி. முதல் சீசனோடு நாயக நடிகர் விலகியும் கதை சாயவில்லை; பாத்திரங்கள் வெளியேற முன்பே வழி வைத்திருந்தார்.
‘பிரேக்கிங் பேட்’ தொடரின் எழுத்துக் குழுவோ, 2012இல் கார் டிக்கியில் ஒரு இயந்திரத் துப்பாக்கியைக் காட்டிவிட்டு, அது எதற்கு என்று அப்புறம்தான் யோசித்தது. கடைசி எபிசோடில் அது எவ்வளவு அழகாகப் பொருந்தியது!

நடப்புச் செய்தி:
தேர்தல், போர் என்று பின்னணி வைத்தால் இறுகிய திட்டம் ஒரே வாரத்தில் பழசாகிவிடும். இங்கே போகிற போக்குதான் கைகொடுக்கும்.

கொலை மர்மமா, மூன்று தலைமுறைக் கதையா? திட்டம் போடுங்கள். ஒரே மனிதரின் மனதைப் பின்தொடர்கிறீர்களா? சரி, கடைசிக் காட்சி மட்டும் தெரிந்தால் போதும், எழுத உட்காருங்கள்.