வீடியோ ஃப்ரேமுக்குள் புகைப்படம்: என் நீண்டநாள் அனுபவம்

குடும்பப் படங்களைக் கோத்து வீடியோ செய்வதை வெகுநாளாகச் செய்துவருகிறேன். எந்த எஃபெக்டையும்விட, டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் படங்களை வரிசையாக அடுக்கும் பட்டை) போடுமுன் படத்தின் அளவைச் சரிசெய்வதுதான் வீடியோவைத் தூக்கி நிறுத்துகிறது.

ஃபுல் எச்டி ஃப்ரேம் 1920×1080 பிக்சல், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. கேமராப் படம் பெரும்பாலும் 3:2, போன் படம் 4:3. போன் படத்தின் அகலத்தை 1920 ஆக்கினால் உயரம் 1440 வரும். மிச்சம் 360 பிக்சல், முழுசாகக் கால் பங்கு, போயாக வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? மென்பொருளிடம் விட்டால் மேலும் கீழும் சமமாக வெட்டிவிடும். குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர்களின் தலை மேல்விளிம்பை ஒட்டியே இருக்கும். தலை போய்விடும், கீழே வெறும் தரை மிஞ்சும். அதனால் அத்தகைய படங்களில் மேல்பக்கத்தைத் தொடவே மாட்டேன், கீழிருந்தே எடுப்பேன். ஒவ்வொரு படமாகப் பார்த்து வெட்டுவது சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

செங்குத்துப் படத்தை உயரம் 1080 வைத்து முழுசாகக் காட்டலாம். 3:4 என்றால் அகலம் 810 வரும். இருபுறமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது இப்போது வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை, கண் அங்கேயே ஓடுகிறது. அடர்சாம்பல் நிறம் போதும். இழுத்து நிரப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம், முகம் அகன்றுவிடும்.

அப்புறம் ஜூம். படம் மெல்ல ஒன்றரை மடங்கு நெருங்கி வர வேண்டுமானால் 1920க்குச் சுருக்காதீர்கள், 2880×1620 வையுங்கள். பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் ‘ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்’ கொடுத்தால் படம் ஃப்ரேம் அளவுக்கே குறைந்துவிடும், பிறகு பெரிதாக்கினால் மங்கும். ‘செட் டு ஃப்ரேம் சைஸ்’ அசல் பிக்சல்களை விட்டுவைத்து ஸ்கேல் எண்ணை (படத்தை எத்தனை சதவீத அளவில் காட்டுவது என்பதை) மட்டும் மாற்றும். நான் எப்போதும் இரண்டாவதுதான்.

அதற்காக 6000×4000 படத்தை அப்படியே போடுவதும் நல்லதில்லை. ஜன்னல் கம்பி, கட்டம் போட்ட சட்டை எல்லாம் படம் நகரும்போது மினுமினுக்கும். தேவையான அளவுக்கு முன்பே சுருக்கிவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) 72ஆ, 300ஆ என்று யோசிக்கவே வேண்டாம், அது அச்சுக்கான கணக்கு. ஆனால் படங்களை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வழியாக நேரே எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கமான 4:2:0 நிறமுறையில் (நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்து வைக்கும் முறை) ஒற்றைப்படை அகலமோ உயரமோ இருந்தால் என்கோடர் (வீடியோவாகச் சுருக்கும் பகுதி) ஏற்காது. 811 வந்தால் 810 ஆக்கிவிடுங்கள்.