தில்லியில் பழைய ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. மணி இரவு பதினொன்றரை. மகள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எங்களுக்குத் துப்பாக்கி விற்ற ஆளிடம் இன்னொரு தமிழ்க் குடும்பம் போய் விழக் கூடாது.

மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பயிற்சி எடுக்கிறாள். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போனதைப் பார்த்துப் பிடித்த ஆசை. படிப்பு மேசைக்கு மேலே அவர் படம்தான் ஒட்டியிருக்கிறது. இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுட்டாள். ஆனால் அவள் இடக்கைக்காரி. கிளப்பில் இருப்பதெல்லாம் வலக்கைத் துப்பாக்கி. கட்டையின் பிடி வலது உள்ளங்கைக்குச் செதுக்கியது, கன்னம் வைக்கும் பலகையும் அந்தப் பக்கம்தான். அதை இடது தோளில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் சமாளித்திருக்கிறாள்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனாவால் வைக்கிற புள்ளிதான். நின்றபடியே அறுபது முறை அதைச் சுட வேண்டும், எழுபத்தைந்து நிமிடத்துக்குள். பிடி கைக்குச் சரியில்லை என்றால் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு கொஞ்சம் திரும்பும். கன்னப் பலகை உயரம் தப்பினால் கழுத்து வலிக்கும், கண் குறிபார்க்கும் பின்துளைக்கு நேராக விழாது. ஆளுக்குத் தக்க மாதிரி துப்பாக்கியைச் சரிசெய்வதுதான் பாதி வேலை.

சொந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். புதியது இரண்டு, மூன்று லட்சத்துக்கு மேல் போகிறது. எங்களால் முடியாது. பழையது பார்க்கலாம் என்று பழைய பொருள் வாங்கி விற்கும் இணையதளம் ஒன்றில் தேடினேன். பெயர் சொல்லவில்லை, வீட்டு சோபாவிலிருந்து பைக் வரை விற்கிற இடம்தான். சட்டமும் பார்த்துக்கொண்டேன். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் விட்டம், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் ஏழெட்டு ஜூல்தான். அந்தப் பக்கம் பயம் இல்லை.

விளம்பரத்தில் "இடக்கை வீரர்களுக்கு மாற்றித் தரப்படும்" என்று இருந்தது. போன் செய்தேன். என் பெயரைக் கேட்டவுடன் அந்தப் பக்கம் தமிழ். "சார், நம்ம ஊரா? நான் திருச்சிப் பக்கம், இருபது வருஷமா இங்கதான்." தில்லியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பகலெல்லாம் இந்தியில் மல்லுக்கட்டிவிட்டு ஒரு காரியத்துக்குத் தமிழ்க் குரல் கிடைத்தால் மனசு எப்படி இளகும் என்று. மறுநாளே மகளையும் கூட்டிக்கொண்டு மயூர் விஹாரிலிருந்து கிளம்பினேன். மேற்கு தில்லியில் ஒரு வீட்டின் தரைக்குக் கீழ் அறை, அதுதான் பட்டறை.

அந்த அரைமணி நேரத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அவருக்கு வேலை தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. மகளிடம் சொன்னார்: "பாப்பா, கண்ணை மூடிக்க. மூடிக்கிட்டே துப்பாக்கியைத் தோளில் வச்சு கன்னத்தைச் சாய். இப்ப கண்ணைத் திற. ஓட்டை வழியா நேரா தெரியுதா?" கன்னப் பலகை சரியா என்று பார்க்கிற சரியான முறை அது. அவளுடைய பயிற்சியாளரும் அப்படித்தான் பார்ப்பார். அளவு நாடா எடுத்து முழங்கை வளைவிலிருந்து விரல் வரை அளந்தார். உள்ளங்கையை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். விரல்களுக்கு இடையில் பென்சில் போகும்போது அவள் கூச்சத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வால்நட் மரத்தில் இடக்கைப் பிடி புதிதாகக் கடைந்து தருவேன், ட்ரிக்கரை அவள் விரலுக்குத் தக்கபடி இழைத்துத் தருவேன், தோள் தட்டை மாற்றித் தருவேன், மூன்று வாரம் போதும் என்றார். குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கிற சிலிண்டரைக் காட்டி "இதுவும் புதுசு சார்" என்றார். அதன் மேல் 2019 என்று அச்சடித்த ஸ்டிக்கர். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்த அட்டை ஒன்றையும் கொடுத்தார், இந்தத் துப்பாக்கியில் சுட்டதுதான் என்று. எங்கள் முன்னால் சுட்டுக் காட்டச் சொன்னேன். "கம்ப்ரசர் ரிப்பேருக்குப் போயிருக்கு சார், சிலிண்டர்ல காத்து இல்ல." சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகள் வெளியே தண்ணீர் குடிக்கப் போனபோது குரலைத் தாழ்த்தி, "பாப்பா பெரிசானதும் பாயிண்ட் டூ டூ வேணும்னா சொல்லுங்க. செமி ஆட்டோமேட்டிக்கே இருக்கு, ஸ்டாக்கெல்லாம் மாத்திக் கொடுக்கலாம். பேப்பர் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். வேண்டவே வேண்டாம் என்று உடனே சொன்னேன். அவர் சொன்ன பாயிண்ட் டூ டூ ஏர் துப்பாக்கி இல்லை. தோட்டாவின் விளிம்புக்குள் வெடிமருந்து வைத்த உண்மையான துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருந்தாலே சிறை. செமி ஆட்டோமேட்டிக் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட்டுச் சுடுகிறார்கள், அங்கே அதற்கு வேலையும் இல்லை. பேப்பர் இல்லாமல் ஆயுதம் தருகிறேன் என்று ஒருவன் வாயால் சொன்ன நிமிடமே மகளைக் கூட்டிக்கொண்டு படியேறியிருக்க வேண்டும். நான் அந்தப் பேச்சை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நம்பினேன்.

துப்பாக்கிக்குத் தொண்ணூறாயிரம், வேலைக்கு ஐம்பதாயிரம். யூபிஐயில் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் அன்று தொண்ணூறு, மறுநாள் காலை ஐம்பது. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதில் அறுபதாயிரம் என் மனைவி சீட்டு எடுத்த பணம். ரசீது கேட்டதற்கு "நமக்குள்ள என்ன சார் ரசீது" என்றார்.

மூன்று வாரம் ஒன்பது வாரமானது. மரம் வரவில்லை, கடைசல்காரன் ஊருக்குப் போய்விட்டான், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நான் கவனித்த ஒரு விஷயம்: பணம் போன நாளிலிருந்து அவருடைய தமிழ் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பாதித் தமிழ், பாதி இந்தி. அப்புறம் "தேக்தே ஹைன் சார்" (பார்க்கலாம் சார்) என்று ஒரே வரி. கடைசியில் போனை ஒரு பையன் எடுத்து "மாலிக் பாஹர் கயே ஹைன்" (முதலாளி வெளியே போயிருக்கிறார்) என்பான்.

ஒருவழியாகத் துப்பாக்கி வந்தது. வால்நட் பிடி இல்லை. பழைய வலக்கைப் பிடியை அரத்தால் ராவி, பள்ளமான இடத்தில் எம்-சீல் வைத்து அப்பி, மேலே பழுப்பு பெயின்ட் அடித்திருந்தார். இரண்டு நாளில் அது மகளின் வியர்வையில் உதிர ஆரம்பித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ட்ரிக்கர்தான் பயங்கரம். போட்டித் துப்பாக்கி ட்ரிக்கரில் முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், அப்புறம் ஒரு தடுப்பு தெரியும், அதைத் தாண்டினால்தான் குண்டு போகும். இதில் தளர்வும் இல்லை, தடுப்பும் இல்லை. இழைக்கிறேன் என்று உள்ளே பிடித்துக்கொள்ளும் முனையையே தேய்த்துவிட்டிருக்கிறார். கிளப்பில் குண்டு போட்டு நெம்புகோலை மூடியதும், விரல் ட்ரிக்கர் பக்கமே போகவில்லை, துப்பாக்கி தானாகச் சுட்டுவிட்டது. குழல் எப்போதும் இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்ததால் குண்டு இலக்குக்குக் கீழே சுவரில் போய் அடித்தது. வேறு பக்கம் திரும்பியிருந்தால்? அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

பயிற்சியாளர் திருகுகளைச் சரிசெய்து ஓரளவு பாதுகாப்பாக ஆக்கிக் கொடுத்தார். போட்டி நெருங்கிவிட்டதால் அதையே எடுத்துக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை, துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய இடம் என்று போகும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். உபகரணச் சோதனையில் துப்பாக்கியின் எடை பார்த்தார்கள், ஐந்தரை கிலோவுக்குள் இருந்தது. அப்புறம் அந்த அதிகாரி சிலிண்டரில் இருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அடியில் உலோகத்தில் பொறித்த தேதி: 2011.

இந்தச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் வைத்த ஆயுள் பத்து வருடம்தான். ஆயுள் முடியாத சிலிண்டராகப் பார்த்துக்கொள்வது சுடுகிறவர் பொறுப்பு என்கிறது சர்வதேச விதி. கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார் காற்று. இதில் அடைப்பது 200 பார். நிரப்பி நிரப்பி உலோகம் களைத்துப்போகும், அதனால்தான் அந்த விதி. 2021-லேயே முடிந்துபோன சிலிண்டரை, என் மகள் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்துச் சுடட்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறான். இனி அவனுக்கு 'அவர்' என்ற மரியாதை என் வாயில் வராது.

அவளை அன்று சுட விடவில்லை. அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு நன்றிதான் சொன்னேன். வரும்போது மெட்ரோவில் "பரவாயில்லப்பா" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று அந்த இணையதளத்துக்கு எழுதினேன். "விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் பங்கு முடிந்தது" என்று ஒரு பதில், புகார் எண்ணையும் மூடிவிட்டார்கள். விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன், பதில் இல்லை, இன்று மாலை வரை விளம்பரம் அப்படியே இருக்கிறது. வங்கியில் "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே" என்றார்கள். காவல் நிலையத்தில் துப்பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் முதலில் என்னையே ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். அப்புறம், இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இன்று பட்டறைக்கே நேரில் போனேன். பூட்டு. மேல் வீட்டம்மா வாடகை பாக்கி என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரே டிக்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் முடியவில்லை. இவற்றையாவது கேளுங்கள். சிலிண்டரில் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பொறித்த தேதியைப் பாருங்கள். கண் முன்னால் சுட்டுக் காட்டாத துப்பாக்கிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் கூட்டிப் போகவில்லை. ட்ரிக்கரை அரத்தால் தேய்க்கிறவனிடம் கொடுக்காதீர்கள், திருகிச் சரிசெய்ய முடியாததை மாற்றத்தான் வேண்டும். வேலைக்கு முன்பணம் முழுதாகக் கொடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் பாயிண்ட் டூ டூ தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள், நான் ஒன்பது வாரம் காத்திருந்தேன். நுகர்வோர் உதவிக்கு 1915. ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, நாளை காலை நான் அங்கேதான் போகிறேன், அந்த ஸ்டிக்கரையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு.

மேற்கு தில்லியில் தரைக்குக் கீழ் பட்டறை, தமிழ் பேசுவான், திருச்சிப் பக்கம் என்பான், கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைவான். இவனிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.