ஏழு மணி நேர ஹிட்லரா, ஐந்து மணி நேர வினிஃப்ரெட்டா?

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ஹன்ஸ் யூர்கன் சைபர்பெர்க்கின் படங்களில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது? பெரும்பாலோர் 1977-இல் வந்த ‘ஹிட்லர்: ஜெர்மனியிலிருந்து ஒரு படம்’ என்பார்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், 1975-இல் அவர் எடுத்த வினிஃப்ரெட் வாக்னர் நேர்காணலைத்தான் நான் சொல்வேன். ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் மருமகள் இவர்.

புகழில் போட்டியே இல்லை. ‘ஹிட்லர்’ நான்கு பகுதிகளாக ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. போர்க்களத்தையோ அணிவகுப்பையோ நடித்துக்காட்டாமல், பொம்மலாட்டப் பொம்மைகள், பின்திரையில் விழும் படங்கள், பழைய வானொலிக் குரல்கள் இவற்றைக்கொண்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே முடித்துவிட்டார். ரிச்சர்ட் வாக்னரின் கல்லறையிலிருந்து ஹிட்லர் எழுந்து வரும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அமெரிக்க விமர்சகர் சூசன் சொன்டாக் வியந்து நீண்ட கட்டுரை எழுதினார். படத்தை அமெரிக்காவில் வெளியிட்டவர் ‘காட்ஃபாதர்’ இயக்குநர் கொப்பொலா.

நேர்காணலிலோ கறுப்பு வெள்ளையில் ஒரு மூதாட்டி ஐந்து மணி நேரம் பேசுகிறார், அவ்வளவுதான். வினிஃப்ரெட் இங்கிலாந்தில் பிறந்தவர். 1915-இல் வாக்னரின் மகன் ஸீக்ஃப்ரீடை மணந்தார். 1930-இல் கணவர் இறந்த பிறகு வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் இசைவிழாவைப் போர்க்காலம் வரை நடத்தினார். ஹிட்லர் அந்த வீட்டுக்கு வந்துபோன நண்பர். அங்கே அவருக்கு ‘வுல்ஃப்’ என்று பெயர். இன்று அவர் இந்தக் கதவு வழியாக உள்ளே வந்தால் முன்புபோலவே மகிழ்ச்சியோடு வரவேற்பேன் என்கிறார் வினிஃப்ரெட். போர் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகு சொல்லும் சொல் இது.

என் தேர்வைத் தீர்மானித்தது 1990-இல் சைபர்பெர்க் வெளியிட்ட ஒரு நூல். போருக்குப் பிந்தைய ஜெர்மன் கலை அழகையும் மண்ணையும் இழந்துவிட்டது என்று அதில் புலம்பியவர், அதற்கான பழியை யூதர்கள் மீதும் இடதுசாரிகள் மீதும் போட்டார். யூத வெறுப்பு என்ற கண்டனம் எழுந்தது. என் கணிப்பில் அது நியாயமான கண்டனம். இந்த நூலுக்குப் பிறகும் எந்தப் படம் தாங்கி நிற்கிறது என்பதே எனக்குக் கேள்வி.

‘ஹிட்லர்’ படத்தில் யார் வாய் திறந்தாலும் பெரும்பாலும் கேட்பது இயக்குநரின் குரல். ஹிட்லர் பொம்மையைப் பார்த்து, எங்களுடைய அழகானவற்றையெல்லாம் கெடுத்துவிட்டாய் என்று குற்றம்சாட்டும் பகுதியை முதலில் துயரத்தின் உச்சமாகவே கேட்டேன். நூலைப் பற்றி அறிந்தபின் அதே வரிகளில் வேறொன்று உறுத்துகிறது. பறிபோன உயிர்களைவிடப் பறிபோன பண்பாட்டுக்கே அங்கே அழுகை அதிகம். படம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதைப் பேசியவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு இறங்கிவிட்டது. நேர்காணலுக்கு இந்தச் சேதம் இல்லை. அங்கே பேசுவது வினிஃப்ரெட். பின்னாளில் இயக்குநர் என்ன எழுதினாலும் அந்த அம்மையாரின் வாக்குமூலத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. கொலைகாரனை நல்ல விருந்தாளியாக மட்டுமே நினைவில் வைத்திருக்க படித்த, பண்பட்ட ஒருவரால் எப்படி முடிகிறது என்பதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

வாக்னர் இசையில் ஊறியவர்களுக்கு ‘ஹிட்லர்’ இன்னும் ஆழமாகத் திறக்கலாம். எனக்கு அந்தப் பயிற்சி குறைவு. அதனால்தான் வாக்னரின் ஓபராவை வைத்து அவர் எடுத்து 1982-இல் வந்த ‘பார்ஸிஃபால்’ படத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நேர்காணலிலும் சிரமம் உண்டு: முழுக்க முழுக்கப் பேச்சு என்பதால் நல்ல சப்டைட்டில் இல்லாமல் உட்கார வேண்டாம்.

இரண்டுக்கும் நேரம் உள்ளவர்கள் நேர்காணலை முதலில் பாருங்கள். பிறகு ‘ஹிட்லர்’ படத்தில் ஹிட்லரின் பணியாள் தன் எசமானரின் காலை உணவையும் உடைகளையும் காலணிகளையும் நிதானமாக விவரிக்கும் நீண்ட பேச்சுக்கு வாருங்கள். அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. வினிஃப்ரெட்டின் பேச்சுக்கு மிக நெருக்கமான பகுதியும் அதுதான்.